சாவி ஆரிட்ட இருக்கு?

போன வெள்ளிக்கிழமை பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டு வந்து தேத்தண்ணிக்குக் கேத்திலை வைச்சிட்டு நிக்கேக்க வட்ஸ்அப்ல ஒரு வீடியோ வந்துது. 11 செக்கன் தான். நீலமா ஒரு நெருப்பு, அடுப்பு நெருப்பு மாதிரி வட்டமா இல்லை, கத்தியை நிமித்தி வைச்ச மாதிரி ஒரே நேர்கோட்டில நீளமா எரியுது. ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாயை ஆரோ ஒரு சின்னப் போத்தலுக்குள்ள விடினம், ரெண்டு செக்கன் ஒண்டும் இல்லை, பிறகு அந்த நீலம் அப்பிடியே செம்மஞ்சளா மாறுது. பின்னால ஒரு பெட்டைக்குரல், "ரீச்சர், இது எங்கட கிணறு!" எண்டு சொல்லிப்போட்டுச் சிரிக்குது.

அவள் என்னட்ட ஏஎல் கெமிஸ்ட்ரி படிச்ச பிள்ளை. ஒட்டுசுட்டானிலயிருந்து இன்னும் உள்ளுக்குப் போற ஒரு ஊர். தகப்பன் வயலும் கச்சானும் செய்யிறவர், தாய் கோழி வளக்கிறா. இப்ப வன்னிக்குள்ளயே ஒரு கம்பஸ்ல மூண்டாம் வருசம். அங்க புதுசா ஒரு ஏஏஎஸ் மெசின் வந்திருக்கு. முழுப்பேர் அணு உறிஞ்சல் நிறமாலைமானி, அதை ஒருத்தரும் சொல்லுறேல்லை, லாப்ல எல்லாருக்கும் ஏஏஎஸ் தான்.

வீடியோவைத் திருப்பித் திருப்பி ஏழெட்டுத் தரம் பாத்திருப்பன், கேத்தில் கொதிச்சு மூடி அடிச்சாப் பிறகுதான் ஞாபகம் வந்துது. மூடியைத் திறந்தா உள்ளுக்குச் சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளைப் படிவு. இந்தப் பக்கம் கனபேற்ற வீட்டுக் கேத்தில் இப்பிடித்தான். அந்த வெள்ளையில இருக்கிற கல்சியம்தான் அவளின்ர நெருப்பைச் செம்மஞ்சளாக்கினது.

மெசின் செய்யிற வேலையைச் சொன்னா இவ்வளவுதானா எண்டு கேப்பீங்கள். தண்ணியை உறிஞ்சி நல்ல மெல்லிய புகாரா நெருப்புக்குள்ள விடுது. அசற்றிலீனும் காத்தும் சேந்து எரியிற நெருப்பு, 2,300 பாகை செல்சியஸ் அளவு. ஒரு பக்கத்தில கல்சியத்துக்கெண்டே செய்த ஒரு விளக்கு, அதின்ர வெளிச்சம் நெருப்புக்குள்ளால போய் மற்றப் பக்கம் வரேக்க எவ்வளவு குறைஞ்சிருக்கெண்டு பாக்கிறது. குறைஞ்ச அளவைத் தண்ணிக்குள்ள இருந்த கல்சியம் குடிச்சிட்டுது எண்டு கணக்கு. மக்னீசியத்துக்கு வேற விளக்கு, கட்மியத்துக்கு வேற, ஈயத்துக்கு வேற. அவுஸ்திரேலியாவில அலன் வோல்ஷ் எண்ட விஞ்ஞானிக்கு 1952ல ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுத் தோட்டத்தில வேலை செய்துகொண்டு நிக்கேக்கதான் இந்த யோசனை வந்ததாம். இதைப் பிள்ளையளுக்கு நான் ஒவ்வொரு வருசமும் சொல்லுறனான், தோட்டத்துக்குள்ள நிக்கிற ஆக்களுக்குத்தான் இப்பிடியான யோசனை வரும் எண்டு கொஞ்சம் கூட்டியும் சொல்லுவன்.

சரி, ஒரு மெசினுக்கு ஏன் இவ்வளவு சந்தோசம் எண்டு கேட்டா, நான் என்ர கதையைச் சொல்ல வேணும்.

நான் ஏஎல் எடுத்தது 2004ல. சமாதான காலம், ஆனா எங்கட பள்ளிக்கூடம் அதுக்கு முன்னம் மூண்டு இடம் மாறினது, இடம்பெயரேக்க கதிரை மேசையையே விட்டிட்டு வந்த பள்ளிக்கூடத்தில அளவியும் குழாயியும் எங்கயிருந்து வரும். நியமிப்பை, அதுதான் ஒரு கரைசலைத் துளித்துளியா விட்டு மற்றதின்ர அளவைப் பிடிக்கிற சோதினையை, சேர் கரும்பலகையில கீறிக் காட்டினவர். பினோத்தலீன் எண்ட நிறங்காட்டி காரத்தில இளஞ்சிவப்பு எண்டு பாடமாக்கினனான். அந்த இளஞ்சிவப்பு எப்பிடி இருக்கும், றோசாப்பூ மாதிரியா மாதுளம்பூ மாதிரியா எண்டு தெரியாமலே சோதினை எழுதி, மாவட்டக் கோட்டாவில கம்பஸுக்கு எடுபட்டனான். இலங்கையில கம்பஸுக்கு எடுக்கிற முறை தெரியும் தானே, 40 வீதம் முழு நாட்டுக்கும் திறமை அடிப்படையில, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் பின்தங்கின 16 மாவட்டத்துக்கு. வன்னி மாவட்டங்கள் எல்லாம் அந்தப் 16க்குள்ள இருக்கு.

நான் போன கம்பஸ் தெற்குப் பக்கம். பேர் வேண்டாம், இப்பவும் அங்க எனக்குப் படிப்பிச்ச ஆக்கள் இருக்கினம், அவையளில கனபேர் நல்லவை. அங்கயும் ஒரு ஏஏஎஸ் இருந்தது. ஏசி அறை, கண்ணாடிக் கதவு, மெசினுக்கு மேல வெல்வெட் மாதிரி ஒரு துணி. அன்பளிப்புச் செய்தவை எண்டு ஒரு பித்தளைத் தகடு பளபளவெண்டு மினுக்கி வைச்சிருப்பினம், தகட்டுக்கு இருந்த கவனிப்பில பாதியாவது மெசினுக்கு இருந்திருந்தா நான் இதை எழுதத் தேவையில்லை. நாலு வருசத்தில எங்களை ஒரே ஒரு தரம் உள்ளுக்கு விட்டவை. 22 பேர், செருப்பைக் கழட்டிப்போட்டு, சுவரோட ஒட்டி நிண்டு, கால் மணித்தியாலம். தொடாதேங்கோ தொடாதேங்கோ எண்ட சத்தம் தவிர வேற ஒண்டும் ஞாபகம் இல்லை.

கடைசி வருசம் புரொஜெக்ட்டுக்கு எங்கட ஊர்த் தண்ணியைப் பாக்க வேணும் எண்டு கேட்டனான். சூப்பவைசர் ஓம் எண்டவ. ஆனா அறைச் சாவி வேற ஒராளிட்ட, அவர் வெளிநாட்டில, வர ஆறு மாசமாம். ஆறு மாசம் எண்டா எனக்கு புரொஜெக்ட் முடியிற திகதி. ஆகக் கடைசியில ஈடிடிஏ எண்ட கரைசலால நியமிச்சு வன்தன்மை (கல்சியமும் மக்னீசியமும் சேந்த அளவு) மட்டும் பாத்து முடிச்சனான். ஈரியோகுரோம் பிளக் ரி எண்ட நிறங்காட்டி ஒரு சிட்டிகை போட்டா வைன் சிவப்பு, முடிவில நீலம், அதுவும் வடிவான சாமான் தான், குறை சொல்லேல்லை. ஆனா கட்மியம் எவ்வளவு, ஈயம் எவ்வளவு எண்டு அதில தெரியாது. கோட்டாவால கம்பஸுக்குள்ள போனன், அந்தக் கண்ணாடிக் கதவுக்கு மட்டும் ஒரு கோட்டாவும் இருக்கேல்லை.

இன்னொண்டும் இருக்கு, இதைப் பெடியள் வாசிச்சா கோவிக்காதேங்கோ. பிராக்டிகலுக்கு எட்டுப் பேருக்கு ஒரு கருவி எண்டா எட்டுப் பேரும் அதைச் செய்யிறேல்லை. ஒராள் செய்வார், பக்கத்தில ஒராள் எட்டி எட்டிப் பாப்பார், மிச்சம் ஆறு பேரும் வாசிப்பை எழுதுவினம். அந்தச் செய்யிற ஒராள் எப்பவும் முந்தியே இதுகளைத் தொட்டுப் பழகின பெரிய நகரப் பள்ளிக்கூடத்துப் பெடியன், எழுதுற ஆக்கள் எப்பவும் நாங்கள், பெட்டையள், "உங்கட கையெழுத்துத் தானே வடிவு" எண்டு சொல்லியே பேனையைத் தந்திடுவினம். நாலு வருசமா எனக்கு நல்ல கையெழுத்து. வேலைக்கு வந்து எங்கட பள்ளிக்கூடத்து அலுமாரியைத் திறந்து அமிலமா காரமா எண்டு பாக்கிற ஒரு பிஎச் மீற்றரை வெளியில எடுத்த அண்டைக்கு எனக்குக் கை நடுங்கினது, 40 பிள்ளையள் பாத்துக்கொண்டு நிக்கினம், ரீச்சருக்கு ஓன் பண்ணத் தெரியேல்லை. (பற்றரி இல்லை எண்டது பிறகுதான் தெரிஞ்சுது, அது வேற கதை.)

இந்தப் பிள்ளை படிக்கிற இடத்தில என்ன நடக்குதெண்டு அவளிட்டயே போன் எடுத்துக் கேட்டனான். மெசின் வந்த கையோட அந்த லாப்ல இருக்கிற ரெக்னிக்கல் ஒபிசர், இவை அண்ணை எண்டுதான் கூப்பிடுறவை, கதவில ஒரு கொப்பியைத் தொங்கவிட்டிருக்கிறார். பேர், பதிவு இலக்கம், என்ன மூலகம், எத்தினை மணி. ஆர் வேணுமெண்டாலும் எழுதலாம், ரெண்டாம் வருசப் பிள்ளையும் எழுதலாம். ஆனா அதுக்கு முன்னம் ஒவ்வொருத்தரும் தனிய, குறூப்பா இல்லை, தனிய, விளக்கு மாத்திறதிலயிருந்து நெருப்பை நூக்கிறது வரைக்கும் அவருக்கு முன்னால ஒருக்காச் செய்து காட்ட வேணும். காஸ் திறக்கிற ஒழுங்கு பிழைச்சா திருப்பி முதல்ல இருந்து. இவள் மூண்டு தரம் பிழைவிட்டவளாம். "மூண்டாம் தரம் எனக்கு அழுகை வந்திட்டுது ரீச்சர், அண்ணை தேத்தண்ணி குடிச்சிட்டு வா எண்டவர்" எண்டாள். நாலாம் தரம் சரி.

எனக்கு அந்த மெசினை விட அந்தக் கொப்பிதான் பெரிசாத் தெரியுது. தனித்தனியாச் செய்யிறதெண்டா பேனையை ஒருத்தரிட்டயும் தள்ள ஏலாது.

இவள் செய்தது இதுதான். தகப்பன்ர கிணறு, பக்கத்து வளவுக் குழாய்க்கிணறு, கோயில் கிணறு எண்டு ஊருக்குள்ள பத்துப் பன்னிரண்டு இடத்தில தண்ணி எடுத்தவள். ஒரு கிணத்துக்கு ரெண்டு போத்தல். ஒண்டுக்குள்ள நைத்திரிக்கமிலம் கொஞ்சம் விடுறது, இல்லாட்டி உலோகங்கள் போத்தல் சுவரில ஒட்டிக்கொள்ளும், மெசின்ல இல்லை எண்டு காட்டும். மற்றதுக்குள்ள ஒண்டும் விடக்கூடாது, அது புளோரைட்டுக்கு. ஏனெண்டா ஏஏஎஸ் உலோகங்களைத்தான் பாக்கும், அதின்ர கண்ணுக்குப் புளோரைட் தெரியாது. அதுக்கு வேற மின்வாய் இருக்கு, பிஎச் மீற்றர் மாதிரி ஒரு சின்னச் சாமான். இதை ஏன் சொல்லுறன் எண்டா, ஊருக்குள்ள எல்லாரும் கேட்டது புளோரைட்டைத்தான். பிள்ளையளின்ர பல்லுக் காவியடிக்குது, அது தண்ணியாலயோ எண்டு. உலக சுகாதார நிறுவனம் சொல்லுற எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிறாம். எங்கட பக்கம் அடியில பழைய கருங்கல்லுப் பாறை, அதுக்குள்ள இருக்கிற கனிப்பொருள் சிலதில புளோரைட் இருக்கு, ஆழத் தண்ணி கனகாலம் கல்லோட கிடக்கேக்க கரைஞ்சு வரும். அதால பக்கத்துப் பக்கத்தில இருக்கிற ரெண்டு கிணத்துக்கே வித்தியாசம் வரலாம்.

தண்ணி எடுக்கப் போன அண்டைக்கு நானும் போனனான். ஒரு அம்மா, எழுபது வயசு வரும், "ஆர் பிள்ளை உங்களை அனுப்பினது, என்ஜிஓவோ?" எண்டு கேட்டா. கேக்கத்தான் செய்வா, 2009க்குப் பிறகு எத்தினை பேர் வந்து எத்தினை போத்தல் தண்ணி எடுத்துக்கொண்டு போயிருப்பினம், ரிசல்ட்டைக் கண்ட ஆள் ஒண்டும் இல்லை. இவள் சொன்னாள், "இல்லையம்மம்மா, நான் கச்சான்காரற்ற மகள், நானேதான் பாக்கப்போறன்." அந்த அம்மா கொஞ்ச நேரம் இவளை மேல கீழ பாத்தா. பிறகு வாளியை வாங்கி, முதல் வாளியை ஊத்திப்போட்டு ரெண்டாம் வாளியை எடு, மேல் தண்ணி வேண்டாம் எண்டு அவவே சொல்லித் தந்தா. சாம்பிள் எடுக்கிற முறை கிட்டத்தட்ட அதுதான்!

இனி வெளியில நடக்கிறது. அமெரிக்காவில ஆராய்ச்சிக்குக் காசு குடுக்கிற என்எஸ்எஃப் எண்ட அரச நிறுவனம் பல்கலைக்கழகங்களுக்குப் பெரிய ஆராய்ச்சிக் கருவி வாங்கவெண்டே ஒரு திட்டம் வைச்சிருக்கு, 1 லட்சம் டொலரிலயிருந்து 40 லட்சம் டொலர் வரைக்கும். முந்தி பிஎச்டி குடுக்கிற பெரிய யுனிவர்சிட்டியள் 30 வீதம் தங்கட கைக்காசு போட வேணும், 2022ல வந்த சட்டத்தால அதை 5 வருசத்துக்கு நிப்பாட்டினவை. கைக்காசு இருக்கிற இடத்துக்கே மெசினும் போய்ச் சேருது எண்டது அங்கயும் ஒரு குறையா இருந்திருக்கு. விண்ணப்பத்தில ஆராய்ச்சி எவ்வளவு கெட்டித்தனம் எண்டதை மட்டும் பாக்கிறேல்லை, அதால சமுதாயத்துக்கு என்ன வரும், ஆர் ஆரெல்லாம் உள்ளுக்கு வருவினம் எண்டதையும் பாக்கினம். இந்தியாவில 2020 ஜனவரியில ஐ-ஸ்ரெம் எண்டு ஒரு இணையத்தளம் தொடங்கினவை, எந்த நிறுவனத்தில என்ன கருவி இருக்கெண்டு பாத்து, வேற ஊர் ஆளும் நேரம் புக் பண்ணலாம். அந்த அண்ணை கதவில தொங்கவிட்ட கொப்பியை ஒரு நாட்டுக்கே தொங்கவிட்ட மாதிரி எண்டு வையுங்கோவன்.

எங்கட நாடு ஆராய்ச்சிக்குச் செலவழிக்கிறது மொத்த உற்பத்தியில 0.1 வீதத்தைச் சுத்தித்தான். அதிலயும் வன்னி எண்டா கேக்கத் தேவையில்லை. ஆனா இப்ப ஒண்டுமே இல்லை எண்டும் சொல்ல ஏலாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின்ர விவசாயபீடம் 1990ல கிளிநொச்சியில தொடங்கினது, சண்டையில சனத்தோட சனமா அதுவும் இடம்பெயர்ந்து யாழ்ப்பாணம் போய், போர் முடிஞ்சு திரும்பி அறிவியல்நகருக்கு வந்தது. பொறியியல்பீடமும் தொழில்நுட்பபீடமும் கிளிநொச்சியிலதான். வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட் 1ல இருந்து தனிப் பல்கலைக்கழகம். நான் ஏஎல் எடுக்கேக்க பொறியியல் படிக்கிறதெண்டா பேராதனை, மொறட்டுவை, இல்லாட்டி காலி. இப்ப ஏ9 ரோட்டால பஸ்ல போகேக்க யன்னலுக்கால பொறியியல்பீடத்தைக் காட்டி "அந்தா" எண்டு பிள்ளையளுக்குச் சொல்லலாம்.

மெசின் வந்திட்டுது எண்டு கைதட்டிப்போட்டுப் போற ஆக்களுக்கு ஒரு விசயம். இதுகளுக்கு மாடு மாதிரித் தீனி போட வேணும். காஸ் சிலிண்டர், விளக்கு (அதுக்கும் ஆயுள் இருக்கு, பாவிக்காமல் வைச்சாலும் பழுதாகும்), சுத்தமான அமிலம், நியமக் கரைசல், ஏசி, கரண்ட். 2022ல மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை, ரெண்டு மூண்டு மாசத்துக்குள்ள டொலர் 200 சொச்சத்திலயிருந்து 350க்கு மேல போனது, அப்ப வெளிநாட்டுச் சாமான் ஓடர் பண்ணி வைச்ச லாப்புகள் பட்ட பாட்டை அங்க வேலை செய்த ஆக்களிட்டக் கேளுங்கோ. அதோட ஆள். அந்த அண்ணை நாளைக்கு இடமாற்றம் எடுத்துப் போனாலோ வெளிநாடு போனாலோ கொப்பி இருக்கும், சாவி அலுமாரிக்குள்ள போயிடும். மெசினுக்குக் காசு குடுக்கிறவை அதை ஓட்டுற ஆளுக்கும் அஞ்சு வருசத்துக்குச் சம்பளம் ஒதுக்கிப்போட்டுத் தாங்கோ எண்டு ஏன் ஒருத்தரும் கேக்கிறேல்லை எண்டு எனக்கு விளங்கேல்லை. திறப்புவிழா படத்தில ஆளைக் காட்டேலாது எண்டதாலயோ தெரியாது.

பெரிய மெசின்தான் வேணும் எண்டும் இல்லை. ஏழெட்டு வருசத்துக்கு முன்னம் எங்கட உயிரியல் ரீச்சர் கொழும்பில இருந்து யூஎஸ்பி நுணுக்குக்காட்டி ஒண்டு வாங்கிக்கொண்டு வந்தவ, அவவின்ர சொந்தக் காசு. அந்த வகுப்பில ஒரு பெடியன், சின்னனில சண்டைக்குள்ள செல் குண்டு பட்டு ஒரு கண் இல்லை, மற்றக் கண்ணும் மங்கல். சாதாரண நுணுக்குக்காட்டியில அவனுக்கு ஒண்டும் பிடிபடாது, வில்லைக்குள்ளால பாத்துப் பாத்துத் தண்ணி வடியும், பிறகு "ஓம் தெரியுது" எண்டு பொய் சொல்லுவான், பக்கத்தில இருக்கிறவன்ர படத்தைப் பாத்துக் கீறுவான். நாங்களும் தெரியாத மாதிரி இருந்திடுவம். யூஎஸ்பி சாமானை லப்டொப்பில கொழுவி முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணி ஒரு துளியை வைச்ச உடன அவன் கதிரையை இழுத்துக்கொண்டு ஸ்கிரீனுக்கு முன்னால போய், மூக்கு முட்டுற மாதிரி இருந்து பாத்தான். வகுப்பே கத்துது, அவன் கதைக்கேல்லை. கொஞ்ச நேரத்தால விரலை வைச்சு, "ரீச்சர், இது மற்றதைச் சாப்பிடப் போகுது" எண்டான். எங்களில ஒருத்தரும் கவனிக்கேல்லை.

அவன் டொக்ரரும் ஆகேல்லை விஞ்ஞானியும் ஆகேல்லை. புதுக்குடியிருப்பில போன் திருத்திற கடை வைச்சிருக்கிறான். ஸ்கிரீன் பூட்டின நுணுக்குக்காட்டிக்குக் கீழ போனின்ர சேர்க்கிற் போட்டை வைச்சு, மயிர் மொத்தத்தில ஈயம் ஒட்டுறான், என்ர போனை ரெண்டு தரம் திருத்தினவன், ஒரு தரம் காசு வாங்கேல்லை. அவனுக்கு அண்டைக்கு அந்த ஸ்கிரீன் கிடைக்காட்டி என்ன செய்திருப்பான் எண்டு நான் சில நேரம் யோசிக்கிறனான்.

மனு பிரகாஷ் எண்ட விஞ்ஞானியும் அவற்ற ஆக்களும் அமெரிக்காவில ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில 2014ல கடதாசியை மடிச்சே ஒரு நுணுக்குக்காட்டி செய்து காட்டினவை, ஃபோல்ட்ஸ்கோப், செய்யிற செலவு 1 டொலருக்கும் குறைய, 140 மடங்கு பெரிசாக் காட்டும். கீழ விழுந்தாலும் உடையாது. அப்பிடி ஒண்டை என்ர கையில தந்தா அலுமாரியில வைக்க மாட்டன், வீட்டுக்குக் குடுத்துவிடுவன். உடையக்கூடிய சாமான் எண்ட பயம்தான் எங்கட கனக்க அலுமாரியளைப் பூட்டி வைச்சிருக்கு, அதிபருக்கு இன்வென்ரரிப் பயம், ரீச்சருக்கு அதிபர் பயம், பிள்ளைக்கு ரீச்சர் பயம்.

அவளின்ர ரிசல்ட் நேற்று வந்துது. இலக்கங்களை நான் இஞ்ச போடேல்லை, அது அந்த ஊர்ச் சனத்தின்ர, முதல்ல அவைக்குத்தான் சொல்ல வேணும். ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில எல்லாரையும் கூப்பிட்டு அவளே சொல்லப்போறாள். என்ன மொழியில சொல்லுறது எண்டு பயப்பிடுறாள், "ரீச்சர், பிபிஎம் எண்டா அந்த அம்மம்மாவுக்கு எப்பிடி விளங்கப்படுத்திறது?" எண்டு கேட்டாள். பிபிஎம் எண்டா பத்து லட்சத்தில ஒரு பங்கு தானே, ஒரு லீற்றர்ப் போத்தலையும் ரெண்டு உப்புக்கல்லையும் கொண்டு போ எண்டனான்.

அதுக்குள்ள கதை பரவி, இண்டைக்குக் காலமை என்ர வகுப்புப் பிள்ளையள் வீட்டுத் தண்ணி எண்டு போத்தல் போத்தலா வந்து நிக்குதுகள். சோடாப் போத்தல், யோகட் கப், ஒண்டு நல்லெண்ணைப் போத்தல், இன்னும் மணக்குது. எல்லாத்தையும் திருப்பி அனுப்பி, எப்பிடிக் கழுவ வேணும் எண்டு பலகையில எழுதிப்போட்டன். நாளைக்கு ஆறரை பஸ்ஸில அவளிட்டக் குடுத்துவிடலாம் எண்டு பாத்தா, கழுவி வைச்ச 14 போத்தலுக்கு 12 மூடிதான் இருக்கு.